தீக்கு அஞ்சாத பஞ்சு

வடநாட்டுக் குளிரில் வாழ நேர்ந்த நாம் அனைவரும் பஞ்சு அடைத்த ரஜாயின் அருமையை அறிவோம். நம் உடற்சூட்டைக் காப்பது பஞ்சன்று. அதன் இழைகளுக்கிடையே அசைவற்றுச் சிறைப்பட்ட காற்றே. இவ்வுண்மையை எல்லை வரை கொண்டு சென்ற பொருளுக்கு ஏரோஜெல் என்று பெயர்.

இதனை 1931 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் அமெரிக்க ரசாயன அறிஞர் சாமுவேல் கிஸ்ட்லர். கூழ்வடகம் வெயிலில் சுருங்கி இறுகுவதை நாம் கண்டிருக்கிறோம். நீர் வெளியேறுகையில் அதன் பரப்பு இழுவிசை நுண்ணறைகளை நசுக்கிவிடுகிறது. கிஸ்ட்லரோ, கூழின் நீரை நீக்கி ஆல்கஹாலைப் புகுத்தினார். பிறகு கெட்டியான கலத்தில் அடைத்து, திரவம் வேறு ஆவி வேறு என்ற பேதமே மறையும்வரை வெப்பமும் அழுத்தமும் ஏற்றி, மெல்ல வெளியேற்றினார். கூழின் உருவம் குலையாமல் நின்றது. உள்ளே நிறைந்தது காற்று.

சிலிக்காவில் மட்டுமன்றித் தாவரச் செல்லுலோஸிலும், கடற்பாசி தரும் அகரிலும், முட்டை வெண்கருவிலுங்கூட அவர் இதைச் செய்து காட்டினார். ஆயினும் 1940-களில் மான்சாண்டோ கம்பெனி தயாரித்து விற்றது சிலிக்கா ஏரோஜெல்லையே. அது எளிதில் நொறுங்கும், ஆனால் எரியாது. செல்லுலோஸோ வளையும், அழுத்தினால் அமுங்கும். போதாததற்கு விறகின் இனம்!

இக்குறைகளுக்கு ஒருங்கே மருந்து தேடியவர்களுள் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம் குழுவினர் குறிப்பிடத்தக்கவர். 2015 ஆம் ஆண்டில் அவர்கள் மரநாரின் நுண்ணிழைக் குழம்பில் செபியோலைட் என்னும் நார்க்களிமண், கிராஃபீன் ஆக்ஸைடு, சிறிது போரிக் அமிலம் ஆகியவற்றைக் கலந்து, ஒரே திசையில் உறைய வைத்தனர். பனி ஊசிகள் வரிசையாக வளர்ந்து, இழைகளை இடையிடையே சுவர்களாக ஒதுக்கின. வெற்றிடத்தில் பனியை ஆவியாக்கியதும் தேன்கூடு போன்ற குழல்கள் எஞ்சின. குழல்கள் ஓடும் திசையில் வலிமை. குறுக்கே வெப்பத்துக்குத் தடை. ஒரு கன மீட்டரின் எடை ஏழரை கிலோதான். தீ பட்டால் மேற்புறம் கரியாகி உள்ளிருப்பதைக் காக்கிறது. அது தொடர்ந்து எரியக் காற்றில் 34 சதவீதம் பிராணவாயு வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ளதோ 21.

இவ்வெண்ணின் மதிப்பை இரண்டே ஆண்டுகளில் லண்டன் நகரம் உணர்த்தியது. 2017 இல் கிரென்ஃபெல் மாடிக் கட்டடம் பற்றியெரிந்தபோது, வெளிச்சுவரில் பொருத்திய பிளாஸ்டிக் கலந்த பலகைகளின் வழியே தீ மாடிக்கு மாடி தாவியது. வெப்பத்தடைக்கென வைத்த நுரையும் எரிந்தது. 72 பேர் மாண்டனர்.

இருந்தும் களிமண் கலந்த மரநார் ஏரோஜெல் இன்னும் கொத்தனார் கைக்கு எளிதில் எட்டும் சரக்காகவில்லை. உறைய வைத்து உலர்த்த நேரமும் மின்சாரமும் மிகுதியாகச் செலவாகின்றன. ஈரக்காற்றை உறிஞ்சினால் மரநார் தளர்கிறது. கல்யாண மேடைகளில் நாம் காணும் தெர்மோகோலோ, தீப்பிடிக்கும் பொருளாயினும், மலிவானது.