தேர்ந்தெடுத்த பொய்

புரோட்டீன் என்றால் இன்றைய பாடநூல்களில் சுருள் ரிப்பனும் பட்டை அம்பும்தான். படிக்கிற பையனும் அது அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறான். ஆனால் அந்த ரூபத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. மயோகுளோபின் மூலக்கூறின் நீளம் சுமார் 45 ஆங்ஸ்ட்ராம். கண்ணுக்குப் படும் ஒளியின் அலைநீளமோ 4000 ஆங்ஸ்ட்ராமில்தான் தொடங்குகிறது. ஒளிக்கே அகப்படாத பொருளுக்குத் தோற்றம் என்று எதைச் சொல்வது? நாம் பார்ப்பதெல்லாம் சிலர், சில வருஷங்களில், எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று எடுத்த முடிவுகளை. விஞ்ஞானிகளுக்கு இது உபகதை. உருவம், உள்ளடக்கம் என்று ஓயாமல் சண்டை பிடிக்கிற நமக்கு இதுதான் கதை.

1958-ல் கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூவும் சகாக்களும் திமிங்கிலத் தசையிலிருந்து எடுத்த மயோகுளோபினின் முதல் மாதிரியை வெளியிட்டார்கள். ஸ்படிகத்தில் எக்ஸ்-ரே பட்டுச் சிதறிய சுமார் 400 புள்ளிகளின் அளவுகளை எட்சாக் கணிப்பொறியில் போட்டுக் கிடைத்த உருவம், பிளாஸ்டிசினில் பிடித்துவைத்தது. குடலைச் சுருட்டிக் கம்பிகள்மேல் வைத்தாற்போல் இருந்தது. ஐந்தே வருஷங்களுக்கு முன் அதே ஊரில்தான் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வந்திருந்தது. அந்த அழகுக்குப் பழகிய கண்களுக்கு இது அருவருப்பாகத்தான் பட்டிருக்க வேண்டும். சமச்சீர் இன்மையே இதன் குறிப்பிடத்தக்க அம்சம் என்று கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டார்கள். எதிர்பார்த்த அழகு கிடைக்காதபோது அதைக் கற்பனையாகச் சேர்க்காமல் விட்டார்களே, அந்தக் கட்டுப்பாடு நம் விமர்சகர்களில் எத்தனை பேருக்கு உண்டு என்று தெரியவில்லை.

1960-ல் இன்னும் நுட்பமான மாதிரி வந்தது. இப்போது பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான புள்ளிகள். ஆறடி உயரத்தில் 2500 கம்பிகளை நிறுத்தி, எலெக்ட்ரான் அடர்த்தியைக் காட்ட வண்ணக் கிளிப்புகள் மாட்டினார்கள். அணு அணுவாக எல்லாம் அதில் இருந்தது. கம்பிக் காட்டுக்குள் புரோட்டீன்தான் காணாமல் போயிற்று. அதுவரை இல்லாத ஒரு சங்கடம் இது: தகவல் பூரணமாகப் பூரணமாகப் பார்வை மங்குகிறது.

இந்த இடத்தில்தான் அர்விங் கைஸ் வருகிறார். கட்டிடக்கலை படித்த சித்திரக்காரர். 1954-ல் டாரல் ஹஃப் எழுதிய, புள்ளிவிவரங்களால் எப்படிப் பொய் சொல்வது என்ற புத்தகத்துக்குப் படம் போட்டவரும் இவரே. 1961 டிசம்பரில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் கெண்ட்ரூவின் கட்டுரைக்காக அவர் தீட்டிய மயோகுளோபின் நீர்வண்ணச் சித்திரம் ஆறு மாத வேலை. ஹைட்ரஜன் நீங்கலாக ஆயிரத்துச் சொச்சம் அணுக்கள். ஒன்றை ஒன்று மறைக்கும் இடங்களில் அவற்றைக் கொஞ்சம் நகர்த்தி, வளைத்துப் போட்டார். நடுவே இரும்பு அணு. விளக்கை உள்ளே ஏற்றி வைத்த மாதிரி வெளிச்சம் அங்கிருந்து வருகிறது. மூலக்கூறுக்குள் அப்படி ஒரு வெளிச்சம் கிடையாது. ஆனால் ஆக்ஸிஜன் வந்து பற்றும் இடம் அந்த இரும்புதான். ஆகவே அந்த வெளிச்சம் ஒரு வாக்கியம். தன் காரியத்தை, தேர்ந்தெடுத்துச் சொல்லும் பொய் என்று கைஸே குறிப்பிட்டதுண்டு. பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னவர் என்பதால் அவர்மேல் எனக்கு நம்பிக்கை.

இதே காலத்தில் சென்னையில் வேறொரு படம் உருவாகிக்கொண்டிருந்தது. 1954-ல் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனுக்கு மூன்று இழைச் சுருளை முன்வைத்தார்கள். அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று கிரிக்கும் ரிச்சும் ஆட்சேபித்தார்கள். பதில் தர்க்கத்தில் இறங்குவதற்குப் பதிலாக ராமச்சந்திரன் அடிப்படைக்கே போனார்: இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்க முடியும்? விடை 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வந்தது. புரோட்டீன் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திருகலாம். ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நெட்டாகவும் வைத்து ஒரு சதுரம். அணுக்கள் மோதும் இடங்களை அடித்துவிட்டால் சதுரத்தில் பெரும்பாகம் வெறுமை. மிஞ்சுவது சில தீவுகள். ஒன்றில் ஆல்ஃபா சுருள், இன்னொன்றில் பீட்டா இழை. பக்கக் கிளையாக வெறும் ஹைட்ரஜன் மட்டும் உள்ள கிளைசினுக்குத்தான் நடமாட்டச் சுதந்திரம் அதிகம். இப்படத்தில் புரோட்டீனே இல்லை; அதற்கு அனுமதிக்கப்பட்டது மட்டும் இருக்கிறது. ராமச்சந்திரனுக்கு நோபல் தரவில்லையே என்று மேடையில் அங்கலாய்க்கும் நம்மவர்கள் இந்தச் சதுரத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ரிப்பன் 1981-ல் நிலைபெற்றது. ஜேன் ரிச்சர்ட்சன் கல்லூரியில் தத்துவம் படித்தவர். புரோட்டீன்களின் உடற்கூறையும் வகைப்பாட்டையும் பற்றிய நீண்ட கட்டுரைக்காகத் தெரிந்த அமைப்புகளை ஒரே மரபில் கையால் வரைந்தார். சுருளுக்குத் திருகிய நாடா, பீட்டாவுக்குத் தடித்த அம்பு, மற்றதற்குக் கயிறு. அம்பும் உருளையும் போட்டவர்கள் முன்பே உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்த்தது அவர்தான். பீட்டா இழையின் மடிப்புகளை அவர் கோடு நீவிவிடுகிறது, அதாவது கோடு அணுக்களின் ஊடே போவதில்லை. அந்த நீவல் இல்லாவிட்டால் ஒரு புரோட்டீனுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவு தென்பட்டிருக்காது. விலை என்ன? பக்கக் கிளைகள் போயின. என்ஸைம் காரியம் செய்வது பெரும்பாலும் அவற்றால்தான். உள்ளே இடைவெளியின்றி அடைந்து கிடக்கும் வஸ்து, படத்தில் காற்றோட்டமான பந்தல் தோரணம் போலாகிவிட்டது. நான் பகலில் இருக்கும் வங்கிக் கிளையில் அன்றைய கணக்கு முழுதும் சாயங்காலம் ஒரு பக்கத்துக்குச் சுருங்கிவிடும். அதில் ஒரு எண்ணும் பொய்யில்லை. கௌண்டரில் நின்ற ஒரு ஆளும் அதில் இல்லை.

என் வழக்கு ரிச்சர்ட்சனோடு அல்ல. அவர் படத்தில் வரைந்தவர் தெரிகிறார். அடுத்த வருஷமே, 1982-ல், லெஸ்க்கும் ஹார்ட்மனும் அதே மாதிரிப் படங்களைக் கணிப்பொறியிலிருந்து எடுத்தார்கள். பிறகு வந்த நிரல்கள் அதை நொடி வேலையாக்கின. அப்போதுதான் ரிப்பன் ஒரு கருத்து என்பது மறந்து, புகைப்படமாயிற்று. இன்றும் யாராவது ஒரு அமைப்பைக் கண்டேன் என்றால், சரிபார்ப்பவர் சென்னைச் சதுரத்தைப் பிரிக்கிறார். புள்ளிகள் தீவுகளுக்கு வெளியே விழுந்தால் ரிப்பன் எவ்வளவு பளபளத்தாலும் சந்தேகம்தான்.

ஆல்ஃபாஃபோல்டின் தரவுத்தளத்தில் 2022-ல் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரோட்டீன்களின் ஊகித்த அமைப்புகள் சேர்ந்தன. நிச்சயமான பாகத்துக்குக் கருநீலம், நிச்சயமில்லாததற்கு ஆரஞ்சு. நிச்சயமில்லாத பாகம் பெரும்பாலும் மூலக்கூறைச் சுற்றி நீளமாக அலையும் கயிறாக வருகிறது. இதோ வடிவம் என்கிறது கயிறு. தெரியாது என்கிறது நிறம். அதே பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் கயிறு மட்டும் வருகிறது.