தாகம் வென்ற கோட்டை

பெஸியே நகரம் 1209-ஆம் ஆண்டு ஜூலை 22-இல் ஒரே நாளில் அழிந்துபட்ட கொடுமையைச் சென்ற வாரம் கண்டோம். கதார் என்னும் மதப்பிரிவினரை வேரறுக்கப் போப் மூன்றாம் இன்னொசென்ட் ஏவிய அந்தச் சிலுவைப் படை, அங்கிருந்து புறப்பட்டு ஆகஸ்டு முதல் தேதி வாக்கில் வந்து சேர்ந்த இடம் கார்க்கஸோன். தென் பிரான்ஸில், ஓட் நதிக்கரையை ஒட்டிய குன்றின்மேல், இரட்டை மதிலும் 52 கோபுரங்களும் சூழ நிற்கும் அந்த ஊரைக் கீழேயுள்ள பழைய பாலத்தின்மீது நின்று முதன்முதலில் பார்த்தபோது, இத்தகைய துர்க்கத்தையா இரண்டே வாரத்தில் பிடித்தார்கள் என்ற திகைப்பில் நான் வெகுநேரம் அசையாமல் நின்றுவிட்டேன்.

அன்று இருந்தது உள்மதில் ஒன்றுதான். வெளிமதில், ஊர் பிரெஞ்சு மன்னர் வசமான பிறகு, பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்தது. கீழ்த்திசையிலுள்ள நார்போன் வாயிலருகிலிருந்து, இரு மதில்களுக்கும் இடைப்பட்ட வெளியில் வடபுறமாக நடந்து போனால், சுவரின் அடிப்பாகமே சரித்திரத்தை எடுத்துச் சொல்கிறது. சிறு சிறு கற்களாக அடுக்கி, இடையிடையே மெல்லிய செங்கல் வரிசைகளை ஓடவிட்டிருக்கும் பகுதி ரோமானியர் காலத்தது. விளிம்பை மட்டும் செதுக்கி, முகத்தைப் புடைப்பாக விட்ட பெருங்கற்களோ, மன்னர் மூன்றாம் பிலிப்பின் காலத்தவை. அந்தச் செங்கல் வரிசையின்மேல் கை வைத்தேன். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலையும் மழையையும் தாங்கிய பின்னும் அதன் சிவப்பு மங்கவில்லை.

இந்த மதிலை எதிரி உடைக்கவில்லை. நதிக்குப் போகும் வழியை அடைத்தான், அவ்வளவே. ஊருக்குள் கிணறுகள் இருந்தன. ஆனால் சுற்றுவட்டாரத்து ஜனங்களும் ஆடுமாடுகளும் அடைக்கலம் புகுந்து நெரிந்த ஊரில், கோடை உச்சத்தில், அவை எத்தனை நாளைக்குத் தாங்கும்? அராகன் மன்னர் பேதுரு சமாதானம் பேச வந்தும் பலிக்கவில்லை. கடைசியில், இருபத்துநான்கே வயதான சிற்றரசர் ரேமோன் ரொஜே திரான்கவேல், தம் ஜனங்களுக்காகப் பேச எதிரியின் பாசறைக்கே போனார்; போனவர் சிறைப்பட்டார். ஊரார், உடுத்த சட்டையைத் தவிர வேறொன்றும் எடுத்துச் செல்லலாகாது என்ற நிபந்தனையின் பேரில், வெளியேற்றப்பட்டனர். அவரது நாடு சிமோன் தெ மோன்போர் என்பவர் கைக்கு மாறியது. நவம்பரில், தம் சொந்தக் கோட்டையின் சிறையிலேயே, அந்த இளைஞர் உயிர்விட்டார். அவர் மதபேதம் பாராமல் குடிகளைக் காக்க நின்றவர் என்பதே என் துணிபு. அந்தக் கோட்டையின் முற்றத்தில் நிற்கும்போது மனம் கனக்காமல் இருக்க முடியாது.

1659-இல் பிரான்ஸின் தென் எல்லை பிரினீஸ் மலைக்கு நகர்ந்ததும் கோட்டை பயனற்றதாயிற்று. மதில்களுக்கிடையே ஏழை நெசவாளர்கள் குடிசை கட்டிக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவே அரசாங்கத்தார் இதை இடித்துவிடவும் துணிந்தார்கள். அதைத் தடுக்கப் போராடியவர் அவ்வூர்க்காரரே ஆன குரோ-மெய்ரெவீய். அதன் பின், 1853 முதல், வியோலே-ல-தூக் என்னும் கட்டடக் கலைஞர் புதுப்பித்தார். கோபுரங்களுக்கு அவர் வைத்த கூரான பலகைக்கல் கூரைகள் வட பிரான்ஸின் பாணி என்று குறை சொல்வோர் உண்டு. குறை நியாயமானதுதான்; ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரைகளே அந்த வெயில் தேசத்துக்கு இசைவானவை. ஆயினும் அவர் கை படாதிருந்தால், இன்று நாம் பார்ப்பதற்குக் கற்குவியலே மிஞ்சியிருக்கும்.

அந்திப்பொழுதில் ஊரின் நடுவேயுள்ள பெரிய கிணற்றடிக்கு வந்தேன். தூண்கள் நிற்கும் கல் கைப்பிடிச்சுவரைப் பற்றிக் குனிந்து பார்த்தேன். ஆழத்தில் இருள்தான் தெரிந்தது. குளிர்ந்த காற்று மட்டும் முகத்தில் வந்து பட்டது.

திரான்கவேல் இறந்தபோது சிறு குழந்தையாயிருந்த அவர் மகன், 1240-இல் படை திரட்டிக்கொண்டு இந்த மதிலின் கீழ் வந்து நின்று, சுரங்கம் தோண்டிய கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.