கலந்து பேசுதலும் அறிவித்தலும்

பழந்தமிழில் சூழ்ச்சி என்னும் சொல்லுக்கு ஆராய்ந்து எண்ணுதல் என்பது பொருள். அரசனுக்கு அருகிருந்து நன்மை தீமைகளை எடுத்துரைக்கும் அமைச்சரின் தொழிலைக் குறித்த அச்சொல், நாளடைவில் வஞ்சகத்தைக் குறிப்பதாய் இழிந்துவிட்டது. இதற்குச் சொல்லாராய்ச்சியாளர் என்ன காரணம் கூறுவாரோ, அறியேன். நட்பு நாடுகள் கூடிப் பேசிய வரலாற்றைப் படிப்பவருக்கு இம்மாற்றம் பெரிய வியப்பை அளிப்பதில்லை. அங்கே அச்சொல்லின் இரு பொருளும் அடுத்தடுத்தே காணக் கிடைக்கின்றன.

1949ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் வாஷிங்டன் நகரில் 12 நாடுகள் வட அட்லாண்டிக் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. உறுப்பு நாடு ஒன்றின்மீது நேரும் தாக்குதலை அனைத்து நாடுகளின்மீதும் நேர்ந்த தாக்குதலாகக் கொள்ளவேண்டும் என்னும் அதன் 5ஆம் பிரிவையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முந்திய 4ஆம் பிரிவு அத்துணைப் புகழ் பெறவில்லை. எந்த உறுப்பு நாட்டின் நிலப்பரப்புக்கோ விடுதலைக்கோ பாதுகாப்புக்கோ ஊறு நேருமென்று அவர்களுள் எவரேனும் கருதினாலும், எல்லோரும் கலந்து பேசவேண்டும் என்பது அப்பிரிவின் கருத்து. எப்போது பேசுவது? முடிவெடுப்பதற்கு முன்பா, எடுத்த பின்பா? உடன்படிக்கை அதனைச் சொல்லவில்லை. பின்னாளில் எழுந்த பிணக்குகள் பலவும் இந்த இடைவெளியில் முளைத்தவையே.

முதற் பெருஞ்சோதனை சூயஸில் வந்தது. 1956ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் எகிப்தின் தலைவர் நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமையாக்கினார். ஆகஸ்டு மாதத்தில் லண்டனில் 22 நாடுகளின் மாநாடு கூடியது. பேச்சும் நடந்தது, தீர்மானமும் ஆயிற்று. ஆனால் உண்மையான முடிவு வேறோரிடத்தில் உருவாயிற்று. அக்டோபர் 22 முதல் 24 வரை, பாரிஸை அடுத்த செவ்ர் என்னும் ஊரில் ஒரு தனி மாளிகையில் பிரிட்டன், பிரான்சு, இஸ்ரேல் ஆகிய மூன்று அரசுகளின் பிரதிநிதிகள் மறைவாகக் கூடினர். இஸ்ரேல் எகிப்தைத் தாக்கவேண்டும். பிறகு மற்ற இருவரும் சமாதானம் செய்விப்பார்போல் வந்து கால்வாயைக் கைப்பற்றவேண்டும். இதுவே ஏற்பாடு. அதனை எழுத்தில் வடித்துக் கையொப்பமிட்ட செய்தி கேட்டுப் பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் திடுக்கிட்டார். படிகளை அழிக்கச் செய்யுமாறு அதிகாரியை மீண்டும் பாரிஸுக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் படி அழிந்தது. இஸ்ரேலியப் படி பிழைத்திருந்து 1996இல் வெளிச்சத்துக்கு வந்தது.

இவ்வேற்பாடு அமெரிக்காவுக்குத் தெரிவிக்கப்படவில்லை. தேர்தல் நெருங்கிய வேளையில் தம் நெருங்கிய நண்பர்களே தம்மை இருட்டில் வைத்தனர் என்பதை உணர்ந்தபோது ஐசன்ஹோவர் கொண்ட சினம் சிறிதன்று. கனடாவுக்கும் பிற காமன்வெல்த் நாடுகளுக்கும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. நவம்பர் 2ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையில் போர்நிறுத்தத் தீர்மானம் 64க்கு 5 என்னும் வாக்குகளில் நிறைவேறிற்று. பவுன் நாணயத்தின் மதிப்புச் சரியத் தொடங்கியது. போர் நிற்கும்வரை உதவி இல்லையென்று வாஷிங்டன் கைவிரித்துவிட்டது. நவம்பர் 6ஆம் நாள் நள்ளிரவில் போர் நின்றது. அடுத்த ஜனவரியில் ஈடன் பதவி விலகினார்.

இதனிடையே கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. சூயஸ் நெருக்கடி தோன்றுமுன்னரே, அவ்வாண்டு மே மாதத்தில், அட்லாண்டிக் அமைப்பு மூன்று அயல்நாட்டு அமைச்சர்களைக் கொண்ட ஒரு குழுவை நியமித்திருந்தது. கனடாவின் லெஸ்டர் பியர்சன், நார்வேயின் ஹால்வார்ட் லாங்கே, இத்தாலியின் கேயடானோ மார்ட்டினோ ஆகியோர் அதன் உறுப்பினர். படைத்துறைக்கு அப்பால் நட்பு நாடுகள் எவ்வாறு ஒத்துழைப்பது என்பது அவர்கள் ஆராயவேண்டிய பொருள். அவர்கள் எழுதிக்கொண்டிருந்த வேளையிலேயே அவர்கள் எழுதிய பொருளுக்குச் சூயஸ் உரை எழுதிக் காட்டிற்று. டிசம்பரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அவ்வறிக்கை ஒரு தெளிவான வரையறையைத் தந்தது. ஒரு நாடு தான் செய்த முடிவை மற்றவர்க்குச் சொல்வது கலந்து பேசுதல் ஆகாது. கொள்கை உருவாகும் தொடக்க நிலையிலேயே, நிலைப்பாடுகள் இறுகிப்போகுமுன், கூடி ஆராயவேண்டும் என்பது அதன் சாரம். மூவரும் நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர் என்பது தற்செயலன்று. வல்லரசுக்குக் கலந்து பேசுதல் ஒரு மரியாதை. ஏனையோர்க்கோ அதுவே பாதுகாப்பு.

வரையறை எழுதியவர் மூவர். அதனைச் சோதித்துப் பார்க்கும் வேளை ஆறாண்டு கழித்து வந்தது.

1962ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் காலை, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்படுவதைக் காட்டும் புகைப்படங்கள் ஜனாதிபதி கென்னடியின் பார்வைக்கு வந்தன. அடுத்த ஆறு நாட்கள் அவர் தம் ஆலோசகர் சிலரோடு மட்டும் அடைத்த கதவுக்குள் ஆராய்ந்தார். கதவை அடைத்ததைக் குறை கூறுவது எளிது. அட்லாண்டிக் அமைப்பில் அப்போது 15 உறுப்பு நாடுகள். பதினைந்து தலைநகரங்களில் ஓரிடத்தில் செய்தி கசிந்தாலும், மாஸ்கோ முந்திக்கொண்டிருக்கும். இவ்வாதத்தில் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அந்நாட்களில் அணுகுண்டுப் போர் மூண்டிருந்தால் ஐரோப்பாவின் நகரங்களும் எரிந்திருக்கும் என்பதும் உண்மையே. எரியப்போகும் வீட்டின் உடையவனுக்குத் தகவல் சொல்ல ஆறாம் நாள்தான் உகந்த நாளா?

அக்டோபர் 22ஆம் நாள் பாரிஸின் எலிசே மாளிகைக்கு ஒரு தூதர் வந்தார். அவர் டீன் அச்சிசன். 1949ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அமெரிக்காவின் சார்பில் கையொப்பமிட்டவர் அவரே. பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் அவரை வரவேற்று ஒரே கேள்வி கேட்டார்: கலந்து பேச வந்தீரா, முடிவை அறிவிக்க வந்தீரா? அறிவிக்கவே வந்தேன் என்று அச்சிசன் ஒளிக்காமல் விடையளித்தார். புகைப்படங்களைக் காட்ட முற்பட்டபோது, உம்முடையது போன்ற பேரரசு ஒன்று சான்றில்லாமல் செயற்படாது என்று கூறி டி கால் அவற்றை ஒதுக்கினார். பின்னரே, ஆவல் மேலிட, அவற்றை வாங்கிப் பார்த்தார். போர் வருமாயின் பிரான்சு அமெரிக்காவின் பக்கம் நிற்கும் என்று உறுதியும் கூறினார்.

அக்கேள்வியில் சினம் இல்லை, கணக்கு இருந்தது. நான்காண்டுகளுக்கு முன், 1958 செப்டம்பரில், அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு மூன்றும் உலகப் பாதுகாப்பைக் கூடி வகுக்கவேண்டும் என்று அவர் எழுதியனுப்பிய கோரிக்கை பயன் தரவில்லை. 1966 மார்ச்சில் அவர் அட்லாண்டிக் படைத் தலைமையிலிருந்து பிரான்சை விலக்கிக்கொண்டார். மறு ஆண்டில் அமைப்பின் தலைமையகம் பாரிஸை விட்டு பிரஸ்ஸல்ஸுக்குப் போயிற்று. பிரான்சு மீண்டும் முழுமையாகச் சேர்ந்தது 2009இல்.

பிரிட்டனின் நிலை சற்று மேல். கென்னடி அதன் தூதர் ஆர்ம்ஸ்பி கோரை 21ஆம் நாளே அழைத்துக் கருத்துக் கேட்டார். பிரதமர் மாக்மில்லனுடன் தொலைபேசியில் பலமுறை பேசினார். கனடாவுக்கு அப்பேறு கிட்டவில்லை. வட அமெரிக்க வான் பாதுகாப்புக்காக இரு நாடுகளும் 1958இல் கூட்டுத் தலைமையை ஏற்படுத்தியிருந்தன. நெருக்கடியில் கலந்து பேசுவதாகவும் உடன்பட்டிருந்தன. இருந்தும் கென்னடியின் வானொலி, தொலைக்காட்சி உரைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் பிரதமர் டீஃபன்பேக்கரிடம் செய்தி சொல்லப்பட்டது. அவர் அன்றிரவு பாராளுமன்றத்தில், நடுநிலை நாடுகள் கியூபாவுக்குச் சென்று நேரில் பார்க்கட்டும் என்றார். கனடியப் படைகளை விழிப்பு நிலைக்கு உயர்த்தும் முறையான ஆணையை 24ஆம் நாள்வரை தாமதித்தார். பாதுகாப்பு அமைச்சர் ஹார்க்னஸ் பிரதமரின் இசைவுக்குக் காத்திராமல் ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டார். கலந்து பேசாத குறை, நட்பு அரசின் அமைச்சரவைக்குள்ளேயே பிளவாய் வெளிப்பட்டது.

எனினும் இவை எல்லாவற்றிலும் கனத்த கதை துருக்கியினுடையது. அந்நாட்டில் 15 ஜூபிட்டர் ஏவுகணைகளை அமெரிக்கா நிறுவியிருந்தது. அவற்றை அகற்றவேண்டும் என்று அக்டோபர் 27ஆம் நாள் குருஷ்சேவ் கேட்டார். அன்றிரவு ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டொப்ரீனினைச் சந்தித்து, நான்கைந்து மாதங்களில் அவை அங்கே இரா, ஆனால் இதனை வெளியிடலாகாது என்றார். துருக்கியின் மண்ணைப் பற்றிய பேச்சு, துருக்கியிடம் சொல்லப்படவில்லை. பிறகு, அக்கருவிகள் பழமைப்பட்டுவிட்டன, கடலடியில் செல்லும் பொலாரிஸ் ஏவுகணைகள் அவற்றின் பணியைச் செய்யும் என்று விளக்கம் தரப்பட்டது. 1963 ஏப்ரலுக்குள் அவை அகற்றப்பட்டன. விளக்கம் பொய்யன்று. ஆனால் முழு மெய்யுமன்று. அம்மெய் முழுமையாக வெளிப்பட 1980களின் பிற்பகுதி வரவேண்டியிருந்தது.

அதன் மறு ஆண்டிலேயே ஒரு கடிதம் வந்தது. 1964ஆம் ஆண்டு கோடையில் சைப்ரஸ் தீவில் துருக்கி படையிறக்க முற்பட்டது. ஜூன் 5ஆம் நாள் ஜனாதிபதி ஜான்சன், துருக்கிப் பிரதமர் இனோனுவுக்குக் கடுமையான சொற்களில் எழுதினார். இச்செயலால் சோவியத் யூனியன் துருக்கியின்மேல் பாயுமாயின் நட்பு நாடுகள் காக்க வரவேண்டியது கடமைதானா என்பதையே அவை இன்னும் ஆராயவில்லை என்று அதில் குறிப்பிட்டார். கடிதத்தின் மற்றொரு குற்றச்சாட்டு, துருக்கி முன்கூட்டி அமெரிக்காவோடு முழுமையாகக் கலந்து பேசவில்லை என்பது. இனோனு ஜூன் 13ஆம் நாள் பதிலெழுதினார். அம்மாதமே வாஷிங்டனுக்கும் சென்றார். படையிறக்கம் நின்றது. 1966 ஜனவரியில் அக்கடிதம் துருக்கி நாளேட்டில் வெளியானபோது மக்கள் அதைப் படித்துக் கொதித்தனர். ஏவுகணைகள் எவ்வாறு போயின என்பது அப்போதும் அவர்களுக்குத் தெரியாது.