மலையாளி: ஒரு பெயர், இரு மக்கள்

மலையாளி என்பது தமிழ்நாட்டில் வெவ்வேறான இரு மக்களைச் சுட்டும் பெயர். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கேரளத்தவர் ஒரு சாரார். சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை, ஜவ்வாது மலை ஆகியவற்றில் வாழும் பழங்குடியினர் மற்றொரு சாரார். இவர்கள் பேசுவது தமிழ். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இவர்கள் ஏறத்தாழ 3.58 லட்சம் பேர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையால் முதலிடம் இவர்களுக்கே. சேலம் டவுனில் மலையாளி என்றால் கேரளத்துக்காரர். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏர்க்காட்டுக்கு ஏறிவிட்டால் அதே சொல் மலைக்காரரைக் குறிக்கும்.

சேர்வராயன் கோயில்

ஏர்க்காட்டு மலையின் உச்சிப் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து 5,300 அடிக்கு மேல் உள்ளது சேர்வராயன் கோயில். கோபுரம், மண்டபம் என்ற கோயில் அமைப்பை எதிர்பார்த்து வருபவர் ஏமாந்து போவார். இது ஒரு குகை; தலை தாழ்த்தித்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே இருளில் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். குகை காவிரி வரை போகிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலையூர்களெல்லாம் திரளும். மலைக்குப் பெயர் கொடுத்ததும் இந்தச் சாமிதான். ஆங்கிலேயர் வாயில் அது 'ஷெவராய்' ஆனது.

இந்த மலைமக்களின் வாய்மொழி மரபு, தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கிறது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூன்று உடன்பிறப்புகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது கதை. எவர் எந்த மலைக்குப் போனார் என்பதில் மலைக்கு மலை கதை மாறும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தொகுதிகளிலும் இந்தக் காஞ்சிக் கதை பதிவாகியிருக்கிறது. கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கேரளத்தைப் பற்றிய நினைவு எதுவும் அதில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பெயரை மட்டும் வைத்து இவர்களை மேற்கிலிருந்து வந்தவர்கள் என்று ஊகிப்பதற்கு அடிப்படை கிடையாது.

சொல் பிறந்த விதம்

இரு பெயர்களிலும் 'மலை' பொது. ஆனால் ஈறு இரண்டிலும் ஒன்றல்ல. மலைமக்களின் பெயரை மலை + ஆளி என்று பிரிக்கலாம். தொழிலாளி, கூட்டாளி, விருந்தாளி, நோயாளி என்று தமிழில் இன்றும் உயிரோடிருக்கும் 'ஆளி' இது. மலைக்கு உரியவர் என்று பொருள். கேரளத்தவர் பெயர் அப்படி உருவாகவில்லை. வங்காளத்திலிருந்து வங்காளியும் நேபாளத்திலிருந்து நேபாளியும் வந்தது போல, மலையாளத்திலிருந்து மலையாளி வந்தது. முன்னது மக்களுக்கு நேராக இட்ட பெயர். பின்னது நாட்டின் வழியாக வந்த பெயர். சேரநாட்டைச் சோழர் கல்வெட்டுகள் மலைநாடு, மலைமண்டலம் என்று குறிக்கும். மலையாளம் என்பதும் முதலில் நிலத்தின் பெயராக வழங்கி, பிற்பாடுதான் மொழிப்பெயராக நிலைத்தது. இரண்டு வழிகளில் வந்த சொற்கள் ஒரே எழுத்தில் வந்து முடிந்திருக்கின்றன.

ஐரோப்பிய ஒப்புமை

ஒரே வடிவம் மொழிக்கு மொழி வேறு பொருள் தருவதைப் பிரெஞ்சு மொழியில் 'போலி நண்பர்கள்' என்பார்கள். 1928இல் கோஸ்லரும் தெரோக்கிஞியும் எழுதிய நூல் இந்தப் பெயரைப் பரப்பியது. அதிகம் எடுத்துக்காட்டப்படுவது 'கிஃப்ட்': ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு. இரண்டுக்கும் வேர் 'கொடு' என்பதே. கொடுக்கப்பட்டது எதுவோ அது ஜெர்மனில் மெல்ல மெல்ல நஞ்சாகிவிட்டது. நம் 'இடுமருந்து' நினைவுக்கு வரலாம்.

ஆனால் மலையாளிக்கு நெருங்கிய ஒப்புமை மக்கட் பெயர்களில்தான் கிடைக்கும். பழைய ஜெர்மானியர், தங்கள் மொழி பேசாத கெல்டியரையும் ரோமானியரையும் 'வால்ஹ்' என்ற வேரிலிருந்து வந்த பெயரால் அழைத்தார்கள். பிரிட்டனில் அது வெல்ஷ் மக்களின் பெயரானது. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் வலோன் மக்களுக்கும், ருமேனியாவின் வலாக்கியாவுக்கும் அதுவே பெயர். போலந்து மொழியில் இத்தாலிக்கே 'வ்வோகி' என்றுதான் பெயர். வெல்ஷ் மக்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை; அவர்கள் மொழியில் அவர்கள் 'கும்ரி'. அங்கே அயலார் ஒட்டிய பெயர் ஊர் ஊராகப் போயிற்று. இங்கே அப்படியல்ல, இரு சாராரும் தம்மையே மலையாளி என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதனால் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

மலையில் வழங்கும் பிற சொற்கள்

சேர்வராயன் மலைச் சொற்கள் வேறு சிலவும் இப்படி இடம் மாறிப் பொருள் மாறுபவை. ஏரியும் காடும் சேர்ந்தது ஏர்க்காடு என்பர். தமிழில் ஏரி என்பது நீர்நிலை. கன்னடத்தில் ஏரி என்றால் அந்த நீரைத் தடுக்கும் கரை. காடு என்பது கன்னடத்திலும் மலையாளத்திலும் வனம்தான். மலைக்குக் கீழே சேலம், கொங்குச் சீமையிலோ 'காட்டுக்குப் போறேன்' என்பவர் தன் மானாவாரி நிலத்துக்குப் போகிறார். மலைமக்கள் வழக்கில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த ஒரு பிரிவு. கேரளத்தில் நாடு என்றால் சொந்த ஊர். தெலுங்கில் நாள், காலம். மலையாளிகள் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் 'கவுண்டர்' பட்டமும் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. கொங்கு வேளாளரும் வன்னியரில் பலரும் அதைக் கொள்கிறார்கள். பட்டத்தை வைத்துச் சாதியை முடிவு செய்ய முடியாது.

அரசுப் பட்டியலில்

பேச்சில் இந்தக் குழப்பம் சிரிப்போடு போய்விடும். சாதிச் சான்றிதழில் அப்படிப் போகாது. தமிழ்நாட்டுப் பழங்குடிகள் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தனியாக இல்லை. தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் என்ற வரையறையோடுதான் இருக்கிறது. சென்னையில் குடியிருக்கும் கேரளத்தவர் பெயரைக் காட்டிச் சலுகை கேட்க இதில் வழியில்லை. அந்த மட்டில் ஏற்பாடு சரியே. ஆனால் மலைத்தொடர் மாவட்ட எல்லை பார்த்து வளர்வதில்லை. பட்டியலில் உள்ள வட, தென் ஆர்க்காடு மாவட்டங்கள் இன்று அந்தப் பெயர்களில் இல்லை. சேலத்திலிருந்து 1997இல் நாமக்கல் பிரிந்தபோது கொல்லிமலை அதனுடன் போனது. பழைய மாவட்டங்களுக்குள் இருந்த ஊர்கள் என்பதால் அங்கெல்லாம் உரிமை தொடர்கிறது. ஏர்க்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டுமே மாநிலத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள். இரண்டிலும் மலையாளிகள் கணிசம்.

ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையாளிகளுக்கு இந்தப் பழங்குடி உரிமை இல்லை. 1979இல் ஈரோடு பிரிந்தது கோயம்புத்தூரிலிருந்து. கோயம்புத்தூர் பட்டியலில் கிடையாது. அதே மலையாளி, அதே தமிழ், அதே பெயர், ஆனால் பழங்குடி அல்ல. கேரளத்தவரைத் தள்ளிவைக்கும் வரையறை இந்த மலைமக்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. தங்களைச் சேர்க்கக் கோரி அவர்கள் நெடுங்காலமாக மனு கொடுத்து வருகிறார்கள். அரசியலமைப்பின் 342ஆம் பிரிவின்படி பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. 2023இல் நரிக்குறவர், குருவிக்காரர் பெயர்களைச் சேர்த்த திருத்தத்தில் பர்கூர் மலையாளிகள் இடம்பெறவில்லை.