ஆறு வண்ணத் துண்டுகள்

'டிரிவியல் பர்சூட்' என்ற பெயரைக் கேட்டதும் நம் அங்கத்தினர்களில் சிலர் புன்னகைப்பீர்கள். பலர் "அது என்ன?" என்று கேட்பீர்கள். பரமபதம், தாயக்கட்டை, கேரம் என்று வளர்ந்த நம் வீடுகளுக்கு எண்பதுகளில் வெளிநாட்டு உறவினர்களின் பெட்டிகளில் வந்து சேர்ந்த ஒரு கேள்வி-பதில் விளையாட்டு அது. அதன் சரித்திரம் சுவாரஸ்யமானது. அந்த அட்டைகளில் அச்சான பல கேள்விகளைவிடச் சுவாரஸ்யமானது என்றே சொல்வேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். லத்தீன் மொழியில் 'டிரி' என்றால் மூன்று, 'வியா' என்றால் பாதை. 'டிரிவியம்' என்பது நம் முச்சந்திதான். முச்சந்தியில் நின்று பேசும் பேச்சுக்கு என்ன மதிப்பு உண்டோ, அதுவே 'டிரிவியல்' என்ற சொல்லுக்கும் வந்து சேர்ந்தது. அற்ப விஷயங்களைத் துரத்திப் போவது என்று தன்னையே கேலி செய்துகொள்ளும் பெயர். அந்த அற்ப விஷயம் கோடிகளைக் கொட்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1979 டிசம்பர் 15 அன்று, கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபட் என்ற இரு பத்திரிகைக்காரர்கள் ஸ்கிராபிள் ஆட உட்கார்ந்தார்கள். ஹேனி 'மாண்ட்ரியல் கெஸட்' பத்திரிகையில் புகைப்பட ஆசிரியர். அபட் 'கனடியன் பிரஸ்' செய்தி நிறுவனத்தில் விளையாட்டுச் செய்தியாளர். பெட்டியைத் திறந்தால் எழுத்துக் கட்டைகளில் சில காணோம். "நாமே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தால் என்ன?" என்ற பேச்சு எழுந்தது. சிறிது நேரத்திலேயே சக்கர வடிவப் பலகையை வரைந்துவிட்டார்கள் என்பது அவர்களே சொல்லி வந்த கதை.

வரைவதற்கு ஆன நேரம் அவ்வளவுதான். கேள்விகள் தயாரிக்கவும் பணம் புரட்டவும் இரண்டு வருடங்கள் ஆயின. ஹேனியின் அண்ணன் ஜானும், எட் வெர்னர் என்ற வக்கீலும் கூட்டாளிகளாகச் சேர்ந்தார்கள். நண்பர்கள், உடன் வேலை பார்த்தவர்கள் என்று முப்பதுக்கும் சற்று மேற்பட்டவர்களிடம் 40,000 டாலர் திரட்டினார்கள். சொந்தத் தாயாரை மட்டும் "பணம் போய்விடும், வேண்டாம்" என்று ஹேனி தடுத்துவிட்டாராம். பலகைக்குப் படம் வரைந்த மைக்கேல் வர்ஸ்ட்லின் என்ற பதினெட்டு வயது இளைஞருக்குக் கூலியாகக் கொடுக்கக் கையில் காசில்லை, பங்கு கொடுத்தார்கள். அவர் அதிர்ஷ்டசாலி! ஹேனி ஸ்பெயின் கடற்கரைக்குக் குறிப்புப் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கேள்விகள் எழுதினார். அட்டைக்கு ஆறு கேள்வி, ஆயிரம் அட்டைகள், ஆக மொத்தம் 6,000 கேள்விகள்.

1981 நவம்பரில் முதல் 1,100 பெட்டிகள் வெளிவந்தன. ஒரு பெட்டி தயாரிக்க ஆன செலவு 75 டாலர். கடைக்காரர்களுக்கு விற்ற விலை 15 டாலர். கணக்கு வழக்குப் பார்த்தே காலம் கழித்த எனக்கு இந்த இடம் படிக்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். ஆனால் வாங்கியவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். அமெரிக்காவில் விற்கும் உரிமையை எடுத்துக்கொண்டது 'செல்கோ அண்ட் ரைட்டர்' என்ற நிறுவனம். அங்கே ஸ்கிராபிளைத் தயாரித்து வந்ததும் அதே நிறுவனம்தான்! 1984-ஆம் வருடம் ஒன்றில் மட்டும் வட அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பெட்டிகள் விற்றன.

எங்கள் கல்கத்தா வீட்டுக்கு 1985-ல் டொரண்டோவிலிருந்து அத்திம்பேர் கொண்டு வந்தது அந்த அலையில் கிளம்பிய ஒரு பெட்டி. ஆடும் முறை சுலபம். பகடையை உருட்டி, காய் நிற்கும் கட்டத்தின் வண்ணத்துக்கேற்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். நீலம் பூகோளம், மஞ்சள் சரித்திரம், பழுப்பு கலையும் இலக்கியமும், பச்சை விஞ்ஞானம், இளஞ்சிவப்பு கேளிக்கை, ஆரஞ்சு விளையாட்டு. ஒவ்வொரு துறைக்கும் உரிய தலைமைக் கட்டத்தில் சரியான விடை சொன்னால் அந்த வண்ணத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு கிடைக்கும். ஆறும் சேர்ந்ததும் நடுவிலுள்ள அறுகோணத்துக்குப் போக வேண்டும். அங்கே கடைசிக் கேள்வி எந்தத் துறையில் என்பதை எதிராளிகள் கூடித் தீர்மானிப்பார்கள். நம் பலவீனம் எது என்று நம்மைச் சேர்ந்தவர்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்!

கல்கத்தாவுக்கு இந்த வியாதி புதிதல்ல. நீல் ஓ'பிரையன் 1967-லேயே அங்கே பொது வினாடி வினாப் போட்டியைத் தொடங்கி வைத்திருந்தார். 1985-ல் சித்தார்த்த பாசுவின் 'குவிஸ் டைம்' தூர்தர்ஷனில் வந்தபோது, லேக் மார்க்கெட் பக்கத்து நம்மவர் வீடுகளில் தொலைக்காட்சியில் வருபவர்களுக்கு முன்னால் விடையைக் கத்தாத பையன்கள் குறைவு. ஆனால் அத்திம்பேரின் பெட்டி எங்களைத் திணற அடித்தது. நீலமும் மஞ்சளும் எப்படியோ சமாளித்தோம். இளஞ்சிவப்பு முழுக்க அமெரிக்கத் தொலைக்காட்சி. ஆரஞ்சு முழுக்க பேஸ்பாலும் ஐஸ் ஹாக்கியும். அங்கே முச்சந்தியில் பேசும் விஷயம் இங்கே யாருக்கும் எட்டாத சாஸ்திரமாக இருந்தது. எது அற்பம் என்பது ஊரைப் பொறுத்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

இந்த அற்ப விஷயங்கள் நீதிமன்றம் வரை போயின. ஃபிரெட் வொர்த் என்ற அமெரிக்கர், துணுக்குத் தகவல்களுக்கென்றே கலைக்களஞ்சியம் எழுதியவர். தன் உழைப்பை யாராவது திருடினால் பிடிக்க வேண்டுமே என்று ஒரு பொய்யை வேண்டுமென்றே உள்ளே புதைத்து வைத்தார். 'கொலம்போ' என்ற துப்பறியும் தொடரின் நாயகனுக்கு முதல் பெயர் பிலிப் என்பது அந்தப் பொய். டிரிவியல் பர்சூட் அட்டையில் அந்தக் கேள்வி வந்தது, அதே விடையோடு! 1984-ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு மறுக்கவே இல்லை: "ஆமாம், அவர் புத்தகத்தையும் பார்த்தோம், இன்னும் பல புத்தகங்களையும் பார்த்தோம், தகவல் யாருக்கும் சொந்தமில்லை" என்றார்கள். நீதிமன்றம் அதை ஏற்றது. 1987-ல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு.

தீர்ப்பு சட்டப்படி சரியென்றே நினைக்கிறேன். பஞ்சாங்கத்தில் ஏகாதசி என்றைக்கு என்பதற்கு ஒருவர் உரிமை கொண்டாடினால் என்ன ஆகும்? ஆனாலும் வருடக்கணக்கில் உட்கார்ந்து தொகுத்தவருக்கு ஒரு சல்லிக்காசு வரவில்லை என்பது மனதை உறுத்துகிறது. 1994-ல் வேறொருவர், தான் சாலையில் லிஃப்ட் கேட்டு ஹேனியின் காரில் ஏறியபோது இந்த யோசனையைச் சொன்னதாக நோவா ஸ்கோஷியாவில் வழக்குத் தொடுத்தார். அது 2007 வரை இழுத்துத் தள்ளுபடியாயிற்று. 2008-ல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் முழு உரிமையையும் 8 கோடி டாலருக்கு வாங்கியது. ஹேனி 2010-ல், 59 வயதில் காலமானார்.

அட்டைகளுக்கும் வயதாகிறது. 1981-ல் எழுதிய கேள்விகளுக்கு, 1991-ல் சோவியத் யூனியன் கலைந்ததோ, 2006-ல் புளூட்டோ கிரகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதோ தெரியாது. இப்போது எதைக் கேட்டாலும் கையிலிருக்கும் தொலைபேசி ஒரு விநாடியில் சொல்லிவிடும் என்பதால், தெரிந்து வைத்திருப்பதிலிருந்த பெருமையும் குறைந்துவிட்டது.

பேஸ்பால் தொல்லை தாங்காமல் எங்கள் வீட்டில் 1986 கோடை விடுமுறையில் நாங்களே கேள்வி அட்டைகள் செய்தோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை அளவாக வெட்டி, ஆரஞ்சுக்குக் கிரிக்கெட்டும் கால்பந்தும், இளஞ்சிவப்புக்குச் சினிமாவும் கச்சேரியும், மஞ்சளுக்குக் குடும்ப சரித்திரமும் என்று மாற்றிக்கொண்டோம். மஞ்சள் கேள்விகளைப் பாட்டி சொல்லச் சொல்ல அக்கா எழுதினாள். அவற்றில் அறுபது எழுபது அட்டைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எந்தத் தாத்தா எந்த வருடம் ரயில்வே வேலைக்காகக் கரக்பூருக்கு வந்தார், அதற்கு முன் கிராமத்தில் எந்தத் தெருவில் நம் வீடு, கொள்ளுப்பாட்டியின் பிறந்த ஊர் எது என்றெல்லாம் கேள்விகள். பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் விடை இருக்கிறது. பதினொரு அட்டைகளில் மட்டும், அக்காவின் கையெழுத்தில், 'பாட்டியைக் கேட்கவும்' என்று எழுதியிருக்கிறது. பாட்டி 1991-ல் போய்விட்டாள்.