காரோ-காரி

காரோ-காரி என்பது பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் குடும்ப மானத்தின் பெயரால் செய்யப்படும் கொலை வழக்கத்தைக் குறிக்கும் சொல்லாகும். திருமணத்துக்குப் புறம்பான உறவு கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்படும் பெண்ணையும் ஆணையும் பெண்ணின் உறவினர்களே கொல்வது இவ்வழக்கம். பெரும்பாலும் கணவன், தந்தை, சகோதரன், சிற்றப்பன் ஆகியோருள் ஒருவரே கொலையைச் செய்கிறார். குற்றச்சாட்டு மெய்யா என்பது ஆராயப்படுவதில்லை. ஐயமோ ஊர்ப்பேச்சோ போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. விருப்பமணம் புரிந்தோரும் மணவிலக்குக் கோரும் பெண்களும்கூட இவ்வாறு கொல்லப்பட்டுள்ளனர்.

பாகிஸ்தான் மனித உரிமை ஆணையம் என்னும் தன்னார்வ அமைப்பு 2015ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,100 பெண்கள் மானத்தின் பெயரால் கொல்லப்பட்டதாகப் பதிவு செய்தது. பல கொலைகள் தற்கொலை என்றோ விபத்து என்றோ மறைக்கப்படுவதால் உண்மை எண்ணிக்கை இதனினும் கூடுதலாக இருக்கும் எனக் கருதப்படுகிறது.

பெயர்

சிந்தி மொழியில் காரோ என்பது கறுப்பானவன் எனவும், காரி என்பது கறுப்பானவள் எனவும் பொருள்படும். குடும்பத்தின் முகத்தில் கரி பூசியவர் என்பது கருத்து. இதே வழக்கம் பலுசிஸ்தானில் சியாகாரி எனவும், பஞ்சாபில் காலா-காலி எனவும், பஷ்தூன் மக்களிடையே தோர்-தோரா எனவும் வழங்குகிறது. மொழி வேறுபட்டாலும் எல்லாப் பெயர்களும் கறுப்பு என்னும் பொருளையே தருகின்றன.

நடைபெறும் முறை

ஒரு பெண் காரி என அறிவிக்கப்பட்டவுடன் அவளைக் கொல்வது குடும்பத்து ஆண்களின் கடமையாகக் கருதப்படுகிறது. பெண் வீட்டுக்குள் இருப்பதால் முதலில் அவளே கொல்லப்படுகிறாள். காரோ எனப்பட்ட ஆண் தப்பி ஓடிவிட வாய்ப்பு உண்டு. பெண்ணுக்குத் தப்பும் வழி அரிது. சில வேளைகளில் குலத்தலைவரான சர்தாரின் வீட்டிலோ தர்காவிலோ அவள் அடைக்கலம் புகுவதுண்டு. கொல்லப்பட்ட காரிக்கு நீராட்டல், இறுதித் தொழுகை ஆகியன மறுக்கப்பட்டு, தனியிடத்தில் புதைக்கப்படுவதும் வடசிந்துவில் வழக்கமாக இருந்துள்ளது.

இதன் பின்னர் வழக்கு ஊர்த்தலைவர்கள் கூடும் ஜிர்கா என்னும் அவைக்குச் செல்கிறது. அவ்வவை வழங்கும் தீர்ப்பு சிந்தியில் பைஸ்லோ எனப்படும். தப்பிய ஆணின் குடும்பம், கொலை செய்த குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளிக்கப்படுகிறது. இழப்பீடு பணமாகவோ நிலமாகவோ, சில வேளைகளில் மணமுடித்துக் கொடுக்கப்படும் சிறுமியாகவோ இருக்கும். கொன்றவரே இழப்பீடு பெறுவதால், வேறு பகையில் ஓர் ஆணைக் கொன்றுவிட்டு, தம் வீட்டுப் பெண் ஒருத்தியையும் கொன்று இருவரையும் காரோ-காரி என அறிவிப்பதும் நிகழ்ந்துள்ளது. மானிடவியலாளரும் அரசியல்வாதியுமான நபீசா ஷா இவ்வழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்.

பண்பாட்டு வேர்கள்

இவ்வழக்கத்தின் அடிப்படையில் இரு கருத்துகள் உள்ளன. ஒன்று இஸ்ஸத், அதாவது ஊரார் ஒரு குடும்பத்துக்கு அளிக்கும் மதிப்பு. மற்றொன்று கைரத், அதாவது அம்மதிப்பைக் காக்க வேண்டிய ஆணின் ரோஷம். மதிப்பு பெண்ணின் நடத்தையில் தங்கியிருப்பதாகவும், அதைக் காப்பது ஆணின் செயலில் தங்கியிருப்பதாகவும் நம்பப்படுகிறது. பெண் தவறு செய்தாளா என்பதைவிட, ஊர் அவ்வாறு பேசுகிறதா என்பதே இங்கு முதன்மை பெறுகிறது. கொல்லத் தயங்கும் ஆண் ஊரின் ஏளனத்துக்கு உள்ளாகிறான்.

பெண், பொன், மண் ஆகிய மூன்றும் பகைக்குக் காரணம் என்னும் பழமொழி இப்பகுதி முழுவதும் வழங்குகிறது. இம்மூன்றும் ஆணின் உடைமைகளாக ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. திருமணங்களும் குடும்பங்களுக்கிடையிலான உடன்படிக்கைகளாகவே உள்ளன. ஒரு வீட்டுப் பெண்ணைக் கொடுத்து மறுவீட்டுப் பெண்ணை எடுக்கும் வட்டா-சட்டா என்னும் மாற்றுத் திருமணம் பரவலாக நிலவுகிறது. ஒரு பெண் தானே துணையைத் தேர்ந்தெடுக்கும்போது இவ்வுடன்படிக்கை முறிகிறது. நிலவுரிமையும் ஒரு காரணமாகும். குடும்ப நிலம் வெளியே போகாதிருக்கும் பொருட்டுப் பெண்ணுக்குத் திருமணமே செய்யாமல், அவளைக் குர்ஆனுக்கு மணமுடித்ததாக அறிவிக்கும் வழக்கம் சில நிலவுடைமைக் குடும்பங்களில் இருந்தது. இது 2011இல் குற்றமாக்கப்பட்டது.

சமயமும் இவ்வழக்கமும்

காரோ-காரி இஸ்லாம் விதித்த தண்டனை என இதனைச் செய்வோரில் சிலர் நம்புகின்றனர். ஆனால் குர்ஆனில் இதற்கு ஆதாரம் இல்லை என்பது இஸ்லாமிய அறிஞர் பலரின் கருத்தாகும். குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் ஒரு பெண்ணின் கற்பின்மீது குற்றஞ்சாட்டுவோர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும் என்கிறது. கொண்டுவராதோருக்கு 80 கசையடி தண்டனையாகும். கணவன் மனைவியைக் குற்றஞ்சாட்டும்போது சாட்சி இல்லாவிடில் இருவரும் சத்தியம் செய்ய வேண்டும். மனைவி சத்தியம் செய்து மறுத்தால் அவளுக்குத் தண்டனை இல்லை. எனவே ஐயத்தின் பேரில் கணவனோ தந்தையோ கொல்வதற்கு இதில் இடமில்லை. 2016 சூன் மாதம் சுன்னி இத்திஹாத் கவுன்சில் என்னும் அமைப்பைச் சேர்ந்த அறிஞர்கள் இக்கொலைகள் இஸ்லாத்துக்கு முரணானவை என மார்க்கத் தீர்ப்பு வழங்கினர்.

எனினும் சமயத்துக்கும் இவ்வழக்கத்துக்கும் தொடர்பே இல்லை எனக் கூறுவதும் முழுமையாகாது. கொலையைச் சமயம் விதிக்கவில்லை. ஆனால் கொலைக்குப் பின் வரும் தண்டனையைப் பற்றி இஸ்லாமியச் சட்டவியல் கூறும் விதிகள், பாகிஸ்தானில் கொலையாளிகளுக்குத் துணையாயின. குர்ஆன் கொலைக்குப் பழிக்குப் பழி வாங்கும் உரிமையைக் கொல்லப்பட்டவரின் உறவினருக்கு அளித்து, மன்னிப்பதை மேலானதாகக் கூறுகிறது. முடிவற்ற குலப்பகையை நிறுத்துவது இதன் நோக்கம் எனப்படுகிறது. இரு வேறு குடும்பங்களுக்கிடையே நிகழும் கொலைக்கு இது பொருந்தும். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே குடும்பத்தினராக இருக்கும்போது, மன்னிக்கும் உரிமை கொலையாளியின் தாய், தந்தை, உடன்பிறந்தோர் கைகளுக்கே வந்து சேர்கிறது. மகனைக் கொன்ற தந்தைக்கு மரண தண்டனை இல்லை எனப் பெரும்பாலான சட்டப் பள்ளிகள் கூறுவதும் இதனோடு சேர்ந்துகொண்டது.

சட்ட வரலாறு

ஆங்கிலேயர் காலம்

பிரித்தானியர் 1843இல் சிந்துவைக் கைப்பற்றினர். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் இக்கொலைகளையும் கொலையாகவே கொண்டது. ஆயினும் கடுமையான, திடீர்ச் சினமூட்டலால் செய்யப்படும் கொலைக்குக் குறைந்த தண்டனை அளிக்கும் விதிவிலக்கு அதில் இருந்தது. மனைவியையோ மகளையோ கொன்றவர்கள் இவ்விதிவிலக்கைப் பயன்படுத்தினர். வடமேற்கு எல்லைப் பகுதிகளில் 1901ஆம் ஆண்டின் எல்லைக் குற்ற ஒழுங்குவிதி வழக்குகளை ஜிர்காக்களிடம் ஒப்படைத்தது. இவ்வாறு மரபு வழக்கம் அரசின் ஏற்பையும் பெற்றது. விடுதலைக்குப் பின் தண்டனைச் சட்டம் பாகிஸ்தான் தண்டனைச் சட்டமாகத் தொடர்ந்தது.

1990ஆம் ஆண்டுச் சட்டம்

1989இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றத்தின் ஷரீஅத் மேல்முறையீட்டு அமர்வு, கொலை பற்றிய பழைய பிரிவுகள் இஸ்லாத்துக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. அதன்படி 1990இல் கிசாஸ், தியத் அவசரச் சட்டம் வெளியிடப்பட்டது. 1997இல் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. கிசாஸ் என்பது பழிக்குப் பழி. தியத் என்பது உயிர்ப்பணம். இதன் குறைந்த மதிப்பு 30,630 கிராம் வெள்ளியின் விலையாகும்.

இச்சட்டப்படி கொல்லப்பட்டவரின் வாரிசுகள் கொலையாளியை மன்னிக்கலாம். பணம் பெற்றுச் சமரசமும் செய்யலாம். பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ கொன்றவருக்குக் கிசாஸ் தண்டனை இல்லை. கொல்லப்பட்டவரின் வாரிசு கொலையாளியின் வழித்தோன்றலாக இருந்தாலும் அத்தண்டனை இல்லை. எனவே பிள்ளைகள் உள்ள மனைவியைக் கொன்ற கணவனும் இதிலிருந்து விலக்குப் பெற்றான். கொலை அரசுக்கு எதிரான குற்றம் என்னும் நிலை மாறி, குடும்பத்தின் தனி விவகாரமாயிற்று. சினமூட்டல் விதிவிலக்கு சட்டத்திலிருந்து நீங்கிய போதிலும், பல நீதிபதிகள் அதே காரணத்தைக் காட்டித் தண்டனையைக் குறைத்து வந்தனர்.

2004 மற்றும் 2016ஆம் ஆண்டுத் திருத்தங்கள்

1999 ஏப்ரலில் லாகூரில், மணவிலக்குக் கோரிய பெண் ஒருவர் வழக்கறிஞர் ஹினா ஜிலானியின் அலுவலகத்திலேயே அவரது கண்முன் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளியை அழைத்து வந்தவர் அப்பெண்ணின் தாயாவார். இதனைக் கண்டிக்கும் தீர்மானம் செனட் அவையில் நிறைவேறவில்லை. இந்நிகழ்வு நாட்டிலும் வெளியிலும் பெரும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது.

2004இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் மானத்தின் பெயரால் செய்யப்படும் குற்றத்தை முதன்முறையாகச் சட்டத்தில் வரையறுத்தது. கொலையாளியே வாரிசாக இருந்து தன்னை மன்னித்துக்கொள்வது தடுக்கப்பட்டது. ஆனால் ஏனைய உறவினர் மன்னிப்பது தடுக்கப்படவில்லை.

2016 பெப்ரவரியில் ஷர்மீன் ஒபைத்-சினாய் இயக்கிய ஆவணப்படம் ஆஸ்கார் விருது பெற்றது. சுடப்பட்டு ஆற்றில் வீசப்பட்டும் உயிர்பிழைத்த ஓர் இளம்பெண், தன்னைக் கொல்ல முயன்ற தந்தையை மன்னிக்குமாறு வற்புறுத்தப்பட்டதை அப்படம் காட்டியது. அதே ஆண்டு சூலை 15 அன்று சமூக ஊடகப் புகழ் பெற்ற கந்தீல் பலோச் முல்தான் நகரில் தம் சகோதரரால் கொல்லப்பட்டார். அக்டோபர் 6 அன்று நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டம் புதிய திருத்தத்தை நிறைவேற்றியது. மானக்கொலையாளியை உறவினர் மன்னித்தாலும் அவருக்கு ஆயுள் தண்டனை கட்டாயம் என இது விதிக்கிறது.

கொலை மானத்தின் பெயரால் செய்யப்பட்டது என நிறுவப்பட்டால் மட்டுமே இவ்விதி பொருந்தும். நோக்கம் வேறு எனக் காட்டப்பட்டால் பழைய மன்னிப்பு வழி திறந்தே உள்ளது. கந்தீல் பலோச் வழக்கே இதற்குச் சான்றாகும். 2019இல் அவரது சகோதரருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பெற்றோர் மன்னிப்பு அளித்திருந்த நிலையில், 2022 பெப்ரவரியில் லாகூர் உயர் நீதிமன்றத்தின் முல்தான் அமர்வு அவரை விடுவித்தது.

ஜிர்காக்கள்

2004இல் சிந்து உயர் நீதிமன்றம் ஜிர்காக்கள் சட்டத்துக்குப் புறம்பானவை எனத் தீர்ப்பளித்தது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இவை அரசியலமைப்புக்கு முரணானவை எனக் கூறியது. எனினும் அவை தொடர்ந்து கூடி வருகின்றன. 2025 சூலையில் பலுசிஸ்தானில் ஓர் ஆணும் பெண்ணும் சுட்டுக் கொல்லப்படும் காணொளி பரவியது. இதன் தொடர்பில் குலத்தலைவர் ஒருவர் உட்படப் பலர் கைது செய்யப்பட்டனர்.

பிற நாடுகளில்

மானக்கொலைக்குச் சட்டம் சலுகை அளித்தது பாகிஸ்தானில் மட்டுமன்று. பண்டைய உரோமில், தம் மகளைக் கள்ள உறவில் கண்ட தந்தை அவளைக் கொல்வதற்குச் சட்டம் இடமளித்தது. பிரான்சில், தம் வீட்டில் கள்ள உறவில் கண்ட மனைவியைக் கொன்ற கணவனை மன்னிக்கும் விதி 1810இலிருந்து 1975வரை இருந்தது. இத்தாலியில் மானத்துக்காகக் கொல்வோருக்குக் குறைந்த தண்டனை அளித்த பிரிவு 1981இல்தான் நீக்கப்பட்டது. இவ்விரு நாடுகளும் கிறித்தவ மரபின.

இந்தியாவில் இத்தகைய கொலைகள் பெரும்பாலும் சாதி மறுப்புத் திருமணங்களையும், வட இந்தியாவில் ஒரே கோத்திரத் திருமணங்களையும் ஒட்டி நிகழ்கின்றன. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவரின் திருமணத்தில் தலையிடக் காப் பஞ்சாயத்துகளுக்கு உரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. தமிழில் முன்பு கௌரவக் கொலை என்னும் சொல்லே பரவலாக வழங்கியது. கொலையில் கௌரவம் ஏதும் இல்லை என்பதால் ஆணவக் கொலை என்னும் சொல் பின்னர் பரவியது. பாகிஸ்தானின் சட்டமும் மானத்துக்காகச் செய்யப்பட்ட குற்றம் என்று கூறாமல், மானத்தின் பெயரால் அல்லது அதைச் சாக்காகக் கொண்டு செய்யப்பட்ட குற்றம் என்றே வரையறுத்துள்ளது குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

ஆணவக் கொலை
காப் பஞ்சாயத்து
கிசாஸ்
பாகிஸ்தானில் பெண்கள்