அட்டைப்பெட்டியிலிருந்து உட்கூரை வரை

கல்லூரி விடுதி, மருத்துவமனை, தங்கும் விடுதி என எங்கே போனாலும், அண்ணாந்து பார்த்தால் உட்கூரையில் வட்டமான வெள்ளைப் பெட்டி ஒன்று தெரியும். கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாக மாற்றித் தரும் ஆக்சஸ் பாயின்ட் அது. வேகம் குறைந்தால் முதலில் திட்டு வாங்குவதும் அதுதான். ஆனால் எந்தப் பெயரில் ஒலிபரப்புவது, எந்தச் சேனலில் பேசுவது, எவ்வளவு சக்தியில் இயங்குவது, யாரை உள்ளே விடுவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும் கன்ட்ரோலர் என்ற மென்பொருள்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. வைஃபைக்கு அடித்தளமான 802.11 தரநிலை வந்தது 1997இல். அதற்கு முன்பே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழக வளாகத்தில், அலெக்ஸ் ஹில்ஸ் தலைமையில் ‘வயர்லெஸ் ஆண்ட்ரூ’ என்ற கம்பியில்லா வலையமைப்பு உருவாகத் தொடங்கியிருந்தது. அந்தக் காலத்து ஆக்சஸ் பாயின்ட்கள் ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம். பெயர், சேனல், கடவுச்சொல் எல்லாம் அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் தனியாக லாகின் செய்ய வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்களாகப் பயன்படுபவை 1, 6, 11 என மூன்றுதான். அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே சேனலில் இருந்தால், ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். பத்துப் பெட்டி வரை நோட்டில் எழுதிச் சமாளிக்கலாம். நூறு பெட்டியை அப்படிக் கட்டி மேய்க்க முடியாது.

2001இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஏர்ஸ்பேஸ் நிறுவனம் இந்த வேலையைப் பிரித்தது. நொடிப்பொழுதில் செய்ய வேண்டிய ரேடியோ வேலை பெட்டியில் இருக்கட்டும், முடிவெடுப்பது மையத்துக்குப் போகட்டும் என்பது ஏற்பாடு. 2005இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தைச் சுமார் 45 கோடி டாலருக்கு வாங்கியது. ஏர்ஸ்பேஸின் நெறிமுறையை அடிப்படையாகக் கொண்டு கேப்வாப் என்ற பொதுத் தரநிலை 2009இல் வெளியானது. எம்ஐடியின் ரூஃப்நெட் ஆய்விலிருந்து 2006இல் பிறந்த மெராகி, கன்ட்ரோலரையே கிளவுடுக்குக் கொண்டுபோனது. பிறகு யூபிக்விட்டி நிறுவனத்தின் யுனிஃபை, கன்ட்ரோலர் மென்பொருளுக்குத் தனிக் கட்டணம் வாங்காமல், சிறிய அலுவலகங்களுக்கும் இந்த வசதி எட்டும்படி செய்தது.

அப்படி ஒரு யுனிஃபை பெட்டியின் முதல் நாளைப் பார்ப்போம். முதுகில் அதன் அடையாளமான மேக் முகவரி அச்சிடப்பட்டிருக்கும். உட்கூரையில் மாட்டுவதற்கு முன் அதைப் படமெடுத்துக்கொள்வது நல்ல டெக்னீஷியனின் பழக்கம்; மாட்டிய பிறகு அந்தப் பக்கம் கண்ணில் படாது. பிஓஇ ஸ்விட்சிலிருந்து வரும் ஒரே கேபிள் மின்சாரத்தையும் தரவையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. பெட்டி உயிர்பெற்றதும் வெள்ளை விளக்கு எரியும்: என்னைச் சேர்த்துக்கொள்ள யாருமில்லை என்று பொருள். கன்ட்ரோலர் திரையில் அதன் முகவரி தெரிந்ததும் ‘அடாப்ட்’ பொத்தானை அழுத்துகிறோம். அமைப்புகள் இறங்குகின்றன, விளக்கு நீலமாகிறது. கன்ட்ரோலர் வேறு நெட்வொர்க்கில் இருந்தால், பெட்டிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து கன்ட்ரோலரின் முகவரியை நாமே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கலாம்.

அடுத்தது பெயர். பலரும் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். ‘பி பிளாக், 2ஆம் மாடி, படிக்கட்டுப் பக்கம்’ என்று பெயர் வைத்த பெட்டி பழுதானால், ஆள் நேராக அங்கே போய் நிற்பார். பெயரில்லாத பெட்டியைத் தேடவே அரை நாள் போகும். அதன் பிறகு சக்தி. எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால் நல்லது என்ற நம்பிக்கை தவறு. பெட்டியின் குரல் தொலைவில் இருக்கும் கைபேசிக்குக் கேட்கும். கைபேசியின் மெலிந்த பதில் பெட்டிக்குக் கேட்காது. பக்கத்தில் இன்னொரு பெட்டி இருந்தும் கைபேசி பழையதையே பிடித்துத் தொங்கும். அளவோடு குறைத்து வைத்தால்தான் நடந்து போகிறவரின் இணைப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சரியாகக் கைமாறும்.

மையத்தின் பலம் இக்கட்டில் தெரியும். 2017 அக்டோபரில் பெல்ஜிய ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப், டபிள்யூபிஏ2 பாதுகாப்பில் ‘கிராக்’ என்ற ஓட்டையை வெளியிட்டார். பெரும்பாலும் அது கைபேசிகளையும் கணினிகளையும் பாதித்தது என்றாலும், இணைப்பை விரைவாகக் கைமாற்றும் 802.11ஆர் வசதியை இயக்கியிருந்த ஆக்சஸ் பாயின்ட்களுக்கும் ஆபத்து இருந்தது. கன்ட்ரோலர் வைத்திருந்தவர்கள் திருத்திய ஃபர்ம்வேரை ஒரே இடத்திலிருந்து எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்ப முடிந்தது. அதே பலம் தவறையும் ஒரே நொடியில் எல்லாவற்றுக்கும் அனுப்பும். அதனால் ஒரு பெட்டியில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவதே முறை.

கன்ட்ரோலர் ஓடும் கணினி நின்றுபோனாலும் யுனிஃபை பெட்டிகள் கடைசியாகப் பெற்ற அமைப்போடு வைஃபை தந்துகொண்டிருக்கும். அதனால் இழப்பு உடனே உறைக்காது. பேக்கப்பும் இல்லை, பெட்டிகளுக்குள் நுழையும் கடவுச்சொல்லும் இல்லை என்றால் புதிய கன்ட்ரோலர் அவற்றைச் சேர்த்துக்கொள்ளாது. ஏணி வைத்து ஒவ்வொன்றாக ரீசெட் செய்ய வேண்டியதுதான். ஓய்வுபெறும் பெட்டியையும் கன்ட்ரோலரிலிருந்து நீக்கி, ரீசெட் செய்த பிறகே விற்க வேண்டும். உங்கள் வைஃபை விவரங்கள் அதற்குள் இருக்கின்றன.

உங்கள் பொறுப்பில் ஒரு கன்ட்ரோலர் இருந்தால் இன்றே பேக்கப் எடுத்து வேறொரு கணினியில் சேமியுங்கள். கன்ட்ரோலரின் கடவுச்சொல் உங்களைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.